ஊரே சேர்ந்து ஓட்டுப் போடாமல் இருந்தால் என்ன ஆகும்? (எரியாத ஹைமாஸ் விளக்கு விவகாரம்)

வாடைக்காற்று | டிசம்பர் 28, 2025, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஊர்ப் பேர் வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிப்பட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே இறங்குகிற ஒரு மீனவக் கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் திடலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். வருகிற சட்டமன்றத் தேர்தலில் ஊரில் ஒருத்தர் கூட ஓட்டுப் போடக் கூடாது, வீட்டுக்கு வீடு கறுப்புக் கொடி, மீறினால் அபராதம் என்று முடிவு செய்துவிட்டார்கள். காரணம் இரண்டு.

ஒன்று தண்ணீர். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் தெரு வரைக்கும் வந்திருக்கிறது. அதில் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் பெரிய விஷயம். மற்ற நாளெல்லாம் வண்டித் தண்ணீர்தான், குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

இன்னொன்று கரையில் நிற்கிற ஹைமாஸ் விளக்கு, அதாவது உயரக் கம்பத்து விளக்கு. முன்பு இருந்த ஒரு எம்.எல்.ஏ. நிதியில் வைத்தது. எட்டு விளக்கும் அணைந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அடியில் இருக்கிற பெயர்ப் பலகையில் பெயர் மட்டும் இன்னும் பளபளவென்று இருக்கிறது. வாடைக்காலத்தில் இருட்டோடு நண்டு வலை எடுத்துவிட்டு வருகிற வத்தைகளுக்கு (சின்னப் படகுகளுக்கு) அந்த வெளிச்சம்தான் ஊர் எங்கே என்று காட்டும். இப்போது பெண்கள் கரையில் நின்று செல்போன் டார்ச்சைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் என் சித்தப்பா வத்தை கரையோரக் கல்லில் ஏறி, அடிப்பலகை இரண்டு பிளந்துவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்த கோபம்தான் ஊர்க்கூட்டம் வரைக்கும் போனது.

எனக்கு வயது 22. சட்டமன்றத்துக்கு இதுதான் முதல் ஓட்டு. போடாமல் இருக்க மனசில்லை. ஆனால் பெரியவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. புறக்கணித்தால் நிஜமாகவே ஏதாவது நடக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா பார்வையாளர் | டிசம்பர் 28, இரவு 10.02

நடக்கும். காலை ஒன்பது மணிக்குத் தாசில்தார் வருவார். கூடவே இன்ஸ்பெக்டர். பேச்சுவார்த்தை. "பத்து நாளில் செய்து தருகிறோம்" என்பார். சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாரும் போய்ப் போட்டுவிட்டு வருவீர்கள். மறுநாள் பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரி. எத்தனை ஊரில் பார்த்தாயிற்று.

தீவுக்காரன் | டிசம்பர் 28, இரவு 10.15

நாலு வரியாவது வருகிறதே.

பழைய கோப்பு | டிசம்பர் 29, காலை 6.20

தம்பி, நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மாவட்டத்தில் 11 ஒன்றியம், அதில் நாலு ஒன்றியத்தில் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் புறக்கணிப்பு. இத்தனை சதவீதம் ஓட்டு விழுந்தால்தான் தேர்தல் செல்லும் என்று நம் சட்டத்தில் எங்கும் இல்லை. உங்கள் சாவடியில் ஒரு ஓட்டும் விழவில்லை என்றால் அந்த எந்திரத்தில் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு அடுத்த எந்திரத்தை எடுப்பார்கள். நோட்டாவும், அதாவது யாருக்கும் ஓட்டு இல்லை என்கிற பொத்தானும், அப்படித்தான். 2013-ல் வந்தது. நோட்டாவுக்கு எல்லாரையும் விட அதிக ஓட்டு விழுந்தாலும், மிச்சம் இருப்பவர்களில் யார் முன்னால் நிற்கிறாரோ அவர்தான் எம்.எல்.ஏ.

அபராதம் போடுவது வேறு விஷயம். ஓட்டுப் போடு என்றோ போடாதே என்றோ மிரட்டுவது தேர்தல் குற்றம். ஊர்ப் பெரியவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனாலும் நோட்டீஸ் வந்தால் அவர்கள் பேரில்தான் வரும். பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.

இப்போது விளக்குக்கு வருகிறேன். பலகையில் இருக்கிற பெயரைப் பார்த்து எம்.எல்.ஏ.விடம் போய் நிற்கிறீர்கள். இந்தத் தப்பை எல்லா ஊரும் செய்கிறது. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். அது அவர் கையில் வருவதில்லை. அவர் வேலையைப் பரிந்துரைப்பார். நிர்வாக அனுமதி கலெக்டர் கொடுப்பார். வேலையை ஒன்றியமோ வேறு துறையோ செய்யும். விளக்கு எரிந்த அன்றைக்கு ஊராட்சியிடம் ஒப்படைப்பார்கள். அதற்குப் பிறகு பல்பு, ஒயர், கரண்ட் பில் எல்லாம் ஊராட்சித் தலையில். ஊராட்சிக்கு மூன்று வங்கிக் கணக்கு உண்டு. அதில் 2-ம் எண் கணக்கு கரண்ட் பில்லுக்கும் கூட்டுக் குடிநீர்க் கட்டணத்துக்குமே இருக்கிறது.

ஆக எம்.எல்.ஏ. "நான்தான் வைத்துக் கொடுத்துவிட்டேனே" என்பார். ஊராட்சி "எங்களிடம் முறையாக ஒப்படைக்கவே இல்லையே" என்னும். ஒன்றியம் கோப்பைத் தேடும். இந்த மூன்று பேருக்கும் நடுவில் தொங்குகிறது உங்கள் விளக்கு.

அப்புறம் இன்னொரு சிக்கல். இப்போது உங்கள் ஊராட்சிக்குத் தலைவரே கிடையாது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு தனி அலுவலர் நிர்வாகம். வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர். ஐந்து வருஷத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். விடுங்கள். மனு அவர் பேருக்குப் போக வேண்டும்.

வாடைக்காற்று | டிசம்பர் 29, காலை 7.05

அய்யா, இது தெரியாமல் போன வருஷம் இரண்டு முறை எம்.எல்.ஏ. ஆபீஸில் மனு கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள், டீயும் கொடுத்தார்கள்.

பழைய கோப்பு | டிசம்பர் 29, காலை 7.11

ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்களா?

வாடைக்காற்று | டிசம்பர் 29, காலை 7.12

இல்லை. டீ மட்டும்தான்.

நண்டுவலை | டிசம்பர் 29, மதியம் 1.30

நான் மண்டபம் பக்கம். ஊர் முடிவு செய்தால் செய்ததுதான் என்று வளர்ந்தவன். எங்கள் ஊரில் புறக்கணிப்பு எல்லாம் இல்லை, ஊர் ஓட்டு மொத்தமாக ஒரே பக்கம் போகும். பேசி முடிப்பது இரண்டு மூன்று பெரிய சம்மாட்டிகள் (படகு முதலாளிகள்). வலைக்கூடம் கட்டித் தருகிறேன், கோயிலுக்கு மண்டபம் போட்டுத் தருகிறேன் என்று வேட்பாளர் வாக்குக் கொடுப்பார். அது ஒரு வகையில் பலம்தானே? தனி ஆளாகப் போனால் யார் மதிக்கிறான்?

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இங்கே யாரும் எழுதவில்லை. எங்கள் வீட்டில் நாலு ஓட்டு. கவர் வந்தது, அம்மா வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்தது. "வாங்குறதை வாங்கு, போடுறதை உன் மனசுக்குப் போடு" என்பது அம்மா கொள்கை. சரி என்றுதான் நானும் இருந்தேன். அப்புறம் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டு நின்றபோது அந்தக் கட்சிக்காரர் ஒருத்தரிடம் போய்க் கேட்டேன். டீக்கடையில், பத்துப் பேர் முன்னால், சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, ஒங்க வீட்டு ஓட்டுக்குத்தான் கணக்கு முடிச்சாச்சே." எனக்குப் பேச்சே வரவில்லை. டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பாசிக்காரி மகள் | டிசம்பர் 29, மதியம் 2.10

நண்டுவலை அண்ணே, கொடுப்பவர், வாங்குபவர் இரண்டு பேருமே குற்றவாளிதான். ஒரு வருஷம் வரை சிறை உண்டு. அது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த டீக்கடைப் பேச்சு பத்துச் சட்டத்துக்குச் சமம்.

ஊர் ஓட்டு விஷயத்தில் ஒன்று கவனித்தீர்களா? நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று எந்திரம் காட்டாது. ஆனால் ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை விழுந்தது என்பது தனித்தனியாக வெளியே வரும். படிவம் 20 என்று பெயர், தேர்தல் முடிந்ததும் இணையத்தில் போடுவார்கள். பெரிய ஊரில் அது ஒன்றும் இல்லை. ஒரே சாவடி இருக்கிற சின்ன மீனவக் கிராமத்தில் அது ஊரின் முகத்தைப் படம் பிடித்த மாதிரி. நம்மை மொத்தமாகக் கணக்குப் போட அவர்களுக்கு அது போதும். அதே கணக்கை நாமும் எடுத்துக்கொண்டு போகலாம், யாரும் போவதில்லை.

கீழக்கரை காக்கா | டிசம்பர் 29, இரவு 8.45

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். புறக்கணிப்பதா வேண்டாமா என்று பேசுகிறீர்கள். முதலில் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்!

நான் 19 வருஷம் துபாய். போன நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள் அல்லவா? எங்கள் தெருவில் பாதி ஆண்கள் கப்பலிலும் வளைகுடாவிலும். வீட்டில் லாத்தா (அக்கா) மட்டும்தான். அவர் "புள்ளை வெளிநாட்டுல" என்று சொன்னதோடு சரி. அப்படி எத்தனையோ வீடு. கடலுக்குப் போனவர்கள் வீட்டிலும் இதே கதை நடந்திருக்கும்.

பெயர் விட்டுப்போயிருந்தால் படிவம் 6. வெளிநாட்டில் இருப்பவர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் படிவம் 6அ, சொந்த ஊர்ச் சாவடியிலேயே சேரலாம். ஆனால் நேரில் வந்துதான் போட வேண்டும், பாஸ்போர்ட்டைக் காட்டி. தபாலில் அனுப்ப இன்னும் வழி இல்லை. டிக்கெட் போட்டு வந்து ஓட்டுப் போட்டவனைக் கேட்டால் தெரியும் ஓட்டின் விலை. பூத் சிலிப் மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள், அது அடையாளச் சான்று இல்லை. வாக்காளர் அட்டை தொலைந்துபோனால் ஆதாரோ நூறு நாள் அட்டையோ போட்டோ ஒட்டிய வங்கிப் புத்தகமோ போதும்.

தீவுக்காரன் | டிசம்பர் 29, இரவு 9.30

நான் பாம்பனுக்கு இந்தப் பக்கம், விசைப்படகில் டிரைவர். திங்கள், புதன், சனி கடல். மற்ற நாள் நாட்டுப்படகுக்காரன் தொழில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. 2024-ல் ஏப்ரல் 19-ஆம் தேதி ஓட்டு. படகெல்லாம் கரையில், நாங்களும் கரையில். அந்த ஒரு வாரம் எங்களுக்கு இருந்த மரியாதை இருக்கிறதே! ஆளாளுக்கு வந்து வலை பின்னுகிற இடத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தர் ஊசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்கு 46 வயது. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ, எல்லா மேடையிலும் கச்சத்தீவை மீட்போம் என்பார்கள். 1974-ல் மத்திய அரசு போட்ட ஒப்பந்தம். எம்.எல்.ஏ. எப்படி மீட்பார்? நாங்களும் கை தட்டுகிறோம். அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டால் ஓடிவிடுவார்: மானிய டீசல், ஐஸ் பிளாண்ட், இறங்குதளத்தில் மண் அள்ளுவது, தடைக்கால நிவாரணம் யார் யாருக்கு விட்டுப்போனது. இலங்கையில் பிடித்த படகைப் பற்றி எம்.பி.யிடம் கேட்க வேண்டும். நாம் மாற்றி மாற்றிக் கேட்கிறோம். அதுவும் அவர்களுக்கு வசதியாகிவிட்டது.

சும்மா பார்வையாளர் சிரிப்பார் என்று தெரியும். எங்கள் ராமநாதபுரம் எம்.பி. தொகுதி எங்கே இருக்கிறது தெரியுமா? தனுஷ்கோடியில் ஆரம்பித்து அறந்தாங்கி, திருச்சுழி வரைக்கும் போகிறது. ஆறு சட்டமன்றத் தொகுதி, மூன்று மாவட்டம். திருச்சுழிக்காரனுக்குக் கண்மாய், எனக்குக் கடல். ஒரே ஆள்.

சும்மா பார்வையாளர் | டிசம்பர் 29, இரவு 9.48

சிரிக்கவில்லை. அதே 2024-ல் உங்கள் தொகுதியில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றார், அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். ஏணிச் சின்னத்தில் நவாஸ்கனி ஜெயித்தார். வாக்காளனைக் குழப்புவதற்கு இத்தனை மூளை செலவு செய்கிறார்கள் என்றால், ஓட்டுக்கு ஏதோ மதிப்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நான் சென்னையில் உட்கார்ந்து நக்கல் அடிக்கிறவன்தான். ஆனாலும் புறக்கணிப்பு எனக்கும் உவப்பில்லை.

எம்.பி. சபையில் என்ன கேள்வி கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் மக்களவை இணையதளத்தில் கிடக்கிறது. வேட்பாளரின் சொத்து, வழக்கு, படிப்பு எல்லாம் படிவம் 26-ல் இருக்கிறது, அதுவும் தேர்தல் ஆணைய இணையதளத்தில். ஊர்க்கூட்டத்தில் ஒருத்தர் அதைச் சத்தமாக வாசித்தாலே போதும். இரண்டு தேர்தலின் சொத்துப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள், அதைவிடச் சுவாரசியம் வேறு இல்லை.

பாசிக்காரி மகள் | டிசம்பர் 30, காலை 11.20

வாடைக்காற்று தம்பிக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். நாங்கள் மன்னார் வளைகுடா பக்கம். அம்மா பாசி எடுக்கப் போகிறவர். நான் சட்டம் படிக்கிறேன், இன்னும் முடிக்கவில்லை.

எங்கள் ஊரில் கருவாடு காயப்போட ஒரு சிமெண்டுத் தளம் போட்டார்கள். ஆறு மாதத்தில் பெயர்ந்துவிட்டது. பெண்கள் எல்லாம் திட்டினார்கள், மனு கொடுத்தார்கள். "ஏன் தரமில்லாமல் போட்டீர்கள்" என்று எழுதித் தகவல் உரிமையிலும் கேட்டார்கள். "இது தகவல் அல்ல" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலில் தப்பில்லை. ஏன், எதற்கு, நியாயமா என்று கேட்டால் அப்படித்தான் வரும். காகிதத்தைக் கேட்க வேண்டும்.

நான் இரண்டாவது முறை எழுதினேன். மதிப்பீட்டின் நகல். பணி ஆணையின் நகல். அளவுப் புத்தகத்தில் (செய்த வேலையைப் பொறியாளர் அளந்து எழுதுகிற புத்தகம்) இந்த வேலைக்கான பக்கங்களின் நகல். கடைசியாக, 2005-ஆம் வருஷத் தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 2(ஞ)-ன்படி வேலையை நேரில் பார்வையிட அனுமதி. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினேன். 30 நாளில் பதில் தர வேண்டும். 28-ஆவது நாள் வந்தது.

அளவுப் புத்தகத்தில் கனம் நாலு அங்குலம் என்று இருந்தது. பார்வையிடும் நாளில் உதவிப் பொறியாளர் வந்தார். நான் பள்ளிக்கூட ஸ்கேல் கொண்டுபோயிருந்தேன். பெயர்ந்த ஓரத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு அங்குலம், சில இடத்தில் அதற்கும் கீழே. அவர் ஒன்றும் சொல்லவில்லை, போனை எடுத்துக்கொண்டு தூரமாகப் போனார். அம்மா கையில் பாசிக் கத்தியோடு தளத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. "சார் பேசி முடிச்சிட்டு வரட்டும், எனக்கென்ன, இன்னைக்குக் கடல் இல்ல" என்றது. இரண்டு மாதத்தில் தளத்தைத் திரும்பப் போட்டார்கள். முழுதும் இல்லை, முக்கால்வாசி. ஒப்பந்தக்காரருக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வேலையும் அவருக்குத்தான் கிடைத்தது. அதையும் சொல்ல வேண்டும் அல்லவா.

பழைய கோப்பு | டிசம்பர் 30, மதியம் 12.05

அம்மாடி, நீ எங்கள் ஆபீஸுக்கு வராமல் போனது என் நல்ல நேரம்.

தம்பி, அப்படியே எழுது. ஒன்றியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு. விளக்கு அமைத்த வேலையின் பணி ஆணை நகல், ஊராட்சியிடம் ஒப்படைத்த ஆவணத்தின் நகல், அதன் மின் இணைப்பு எண், கடைசி இரண்டு வருஷத்தில் அந்த இணைப்புக்குக் கட்டிய ஒவ்வொரு பில். நாலே கேள்வி. ஐந்தாவது வேண்டாம். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதே, அதில் ஒரு சந்தேகம் இருக்கிறது எனக்கு. பதிவுத் தபாலை இப்போது விரைவு அஞ்சலோடு சேர்த்துவிட்டார்கள், அதில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள். பதில் வரவில்லை என்றால் மேல்முறையீடு, அதற்கு 30 நாள்.

அதோடு ஜனவரி 26 கிராம சபை வருகிறது. ஊராட்சியின் மக்கள்தொகை 501 முதல் 3000 வரை என்றால் 100 பேர் இருக்க வேண்டும். உண்மையில் நடப்பதை நானே சொல்கிறேன், நானும் செய்திருக்கிறேன். நூறு நாள் வேலைப் பெண்களை வரச் சொல்வோம், பதிவேட்டில் கையெழுத்தும் கைரேகையும் வாங்குவோம், மிக்சர் பாக்கெட் கொடுப்போம், அனுப்பிவிடுவோம். தீர்மானத்தைச் சாயங்காலம் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுவோம். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே கையெழுத்தைக் கடைசியில் போடுங்கள். இது ஒன்றுதான் எங்களைப் போன்றவர்களைத் திணறடிக்கும். தீர்மானப் புத்தகத்தில் விளக்கு, தண்ணீர் இரண்டும் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்து. தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் நடத்தை விதி என்று புது வேலை எதையும் தொட மாட்டார்கள். அதற்கு முன்னால் முடியுங்கள்.

நண்டுவலை | டிசம்பர் 30, மதியம் 12.40

இதை எல்லாம் செய்ய ஒருத்தன் வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டும். ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு இல்லை. புறக்கணிப்புக்குக் கொடி ஒன்று போதும். ஊர்க்காரர்கள் அதைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் அதுதான். எளிதாகச் சொல்லிவிடுகிறீர்கள் எல்லாரும்.

கீழக்கரை காக்கா | டிசம்பர் 30, மதியம் 1.15

நியாயமான பேச்சு. விரைவு அஞ்சல் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன், தம்பி தனியாகச் செய்தி அனுப்பட்டும்.

நெறியாளர் | டிசம்பர் 31, காலை 10.00

கட்சிப் பெயர் சொல்லித் திட்டிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஊரின் பெயரைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். இழை திறந்தே இருக்கும்.

வாடைக்காற்று | ஜனவரி 26, 2026, இரவு 10.30

கிராம சபை முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

புயல் பாதுகாப்பு மையக் கட்டடத்தில் வைத்தார்கள். தனி அலுவலர் வரவில்லை, அவர் சார்பில் ஒருத்தர் வந்தார். அவரும் ஊராட்சிச் செயலரும் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசலிலேயே பதிவேடு. உள்ளே வருகிறவர்களிடம் பேனா நீட்டப்பட்டது. முப்பது பேர் வரைக்கும் போட்டுவிட்டார்கள்.

எங்கள் பெரியம்மா வந்தார். சித்தப்பா வத்தையை டார்ச் பிடித்து இழுத்தவர்களில் அவரும் ஒருத்தர். செயலர் ஸ்டாம்ப் மையை நீட்டினார். பெரியம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எழுதி முடிச்சிட்டு வாங்க தம்பி, ரேகை எங்கயும் ஓடிப் போயிராது, விரல்லதான் இருக்கும்" என்றார். கூட்டமே சிரித்துவிட்டது. பின்னால் வந்த பெண்கள் ஒருத்தர் விடாமல் கையைக் கட்டிக்கொண்டார்கள். இதை முதல் நாள் ராத்திரி நாங்கள் பேசி வைத்திருந்தோம், ஆனால் பெரியம்மா வசனம் அவருடைய சொந்தம்.

செயலருக்கு முகம் சிவந்துவிட்டது. "சர்க்கார் கூட்டத்தைக் கெடுக்கிறீங்களா?" என்றார். மேசையில் இருந்த அந்த இன்னொருத்தர் நிதானமான ஆள். "எழுதுங்க, என்ன வேணும்னு கேட்டு எழுதுங்க" என்றார். விளக்கு எழுதினார்கள். தண்ணீர் எழுதும்போது சண்டை. "குடிநீர் வாரியத்திலிருந்தே அளவு குறைவாகத்தான் வருகிறது, ஊராட்சி என்ன செய்யும்?" என்றார் செயலர். எத்தனை லிட்டர் வர வேண்டும், எத்தனை வருகிறது என்று பலகையில் எழுதிப் போடச் சொல்லித் தீர்மானம் போட்டோம். ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் 112 கையெழுத்து. நான் எண்ணினேன். புத்தகத்தைப் போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

ஊர்த்தலைவர் (ஊராட்சித் தலைவர் இல்லை, மீனவ ஊரின் தலைவர்) மட்டும் கடைசி வரை வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. அவர் புறக்கணிப்பில் உறுதியாக இருக்கிறார்.

சும்மா பார்வையாளர் | ஜனவரி 26, இரவு 10.41

பெரியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வாடைக்காற்று | பிப்ரவரி 9, மாலை 5.15

தகவல் உரிமைப் பதில் வந்துவிட்டது. பழைய கோப்பு அய்யா, உங்கள் சந்தேகம் சரி.

ஒப்படைப்பு ஆவணம் இருக்கிறது, ஊராட்சி கையெழுத்தோடு. ஆக "எங்களிடம் ஒப்படைக்கவில்லை" என்று இத்தனை நாள் சொன்னது பொய். அதைவிட மோசம் நாலாவது பதில். எரியாத இரண்டு வருஷமும் அந்த இணைப்புக்குத் தவறாமல் பில் கட்டியிருக்கிறார்கள். யூனிட் பூஜ்யம், நிலைக் கட்டணம் மட்டும். இத்தனை பில்லிலும் பூஜ்யம் என்று அச்சடித்து வந்திருக்கிறது, ஒருத்தருக்கும் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

பதில் தாளை நகல் எடுத்து டீக்கடை, வலைக்கூடம், ரேஷன் கடை மூன்று இடத்திலும் ஒட்டினோம்.

பழைய கோப்பு | பிப்ரவரி 9, மாலை 5.50

கோபம் வந்து கேட்டிருந்தால் ஒரு நாளில் தெரிந்திருக்கும். கோப்பில் எல்லாம் இருக்கும் தம்பி, யாராவது திறக்க வேண்டும், அவ்வளவுதான். ஒப்படைப்புத் தாளின் நகலைத் தீர்மான நகலோடு சேர்த்துத் திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸில் கொடு.

தீவுக்காரன் | பிப்ரவரி 9, இரவு 7.20

அந்தப் பதில் தாளை இங்கேயும் போடுங்கள். எங்கள் பக்கமும் ஒரு விளக்கு நிற்கிறது.

வாடைக்காற்று | பிப்ரவரி 21, இரவு 11.10

வியாழக்கிழமை ஆள் வந்தது. அடியில் இருக்கிற பெட்டியைத் திறந்தார்கள். உப்புக்காற்றில் உள்ளே எல்லாம் பச்சை பிடித்துப் பொடியாக உதிர்ந்தது. சுவிட்சு மாற்றி, ஒயர் மாற்றினார்கள். எட்டு விளக்கில் ஐந்து எரிகிறது. இன்றைக்கு முதல் முறையாக வத்தைகள் அதைப் பார்த்து வந்து ஏறின. சித்தப்பா மட்டும் பழக்கதோஷத்தில் போன் போட்டு "டார்ச்சு எங்கடா?" என்று கேட்டார்.

தண்ணீர் இன்னும் வாரத்துக்கு ஒரு நாள்தான். பலகை மாட்டியிருக்கிறார்கள், அதில் எண் எழுதவில்லை. நாளை மறுபடி ஊர்க்கூட்டம். தண்ணீருக்காகவாவது புறக்கணிக்க வேண்டும் என்று பாதிப்பேர், வேண்டாம் என்று பாதிப்பேர். இந்தத் தடவை பெண்களும் கூட்டத்துக்கு வருகிறார்கள்.

மிச்சம் மூன்று விளக்குக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன சேர்க்க வேண்டும் அய்யா?

பழைய கோப்பு | பிப்ரவரி 22, காலை 5.55

கம்பத்து எண்ணைப் போடு. இல்லாவிட்டால் வேறு ஊர் விளக்கு என்பார்கள்.

வாடைக்காற்று | பிப்ரவரி 22, காலை 6.30

துருவில் அழிந்துவிட்டது. பெயர்ப் பலகைக்குப் பின்னால் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி தெரிகிறது. ஸ்பானர் எடுத்துக்கொண்டு போகிறேன்.

பாசிக்காரி மகள் | பிப்ரவரி 22, காலை 6.34

பலகையைக் கழற்றாதே தம்பி. போட்டோ எடு.